தந்தை தேடிய தேட்டம் எங்கே?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் அழகானவை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது சாயும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே மணலும் தென்னையும் கடலும். வீடுவாசல், கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு யாவும் அங்கே நெருங்கியிருக்கும். படுவான்கரையிலே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, ஊரார் 'பாதை' என்று வழங்கிய மிதவையே அங்கு இரு கரையையும் இணைத்து வந்தது. விதைப்புக் காலம் வந்துவிட்டால் தந்தையார் அக்கரைக்குப் போய் வாடியிலே தங்கிவிடுவார். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கோ அந்த வயல் எந்த வட்டையில் உள்ளது, எத்தனை ஏக்கர், யார் பெயரில் உறுதி என்பதெல்லாம் தெரியாது. அறுவடை முடிந்ததும் நெல்மூட்டை வரும். அதுவே அவர்கள் அறிந்த கணக்கு.

அத்தகைய தந்தையார் ஒருவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயார் முன்னரே போய்விட்டார். ஆண்மக்கள் இருவரும் மணமுடித்து மனைவியரின் ஊர்களுக்குக் குடிபோனவர்கள்; மூத்தவன் கல்முனைப் பக்கத்திலே பெண்கொண்டவன். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்குரியது. மணமகன்தான் பெண்வீடு புகுவான். பிற ஊரார் கேட்டு வியக்கும் வழக்கம் இது. ஆதலால் தந்தையார் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இளைய மகளின் வீட்டிலே. அவருடைய தகரப்பெட்டி இருப்பதும் அங்கேயே. முப்பத்தோராம் நாட் கிரியை முடிந்து, பந்தலின் கிடுகுகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது மூத்த மகன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்:

"மச்சான், அப்பாவின் உறுதிகள் இருக்கின்றனவா?"

"என்ன உறுதி மச்சான்? இருந்தவையெல்லாம் சுனாமியோடு போய்விட்டனவே" என்கிறான் தங்கையின் கணவன்.

தங்கை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூத்தவனும் மேலே கேட்கவில்லை. தந்தையின் சாம்பல் ஆறுமுன் சொத்துக் கேட்டான் என்று ஊர் பேசுமே என்ற அச்சம் அவன் வாயை அடைத்துவிடுகிறது. இத்தகைய மௌனத்தினால் நம் பகுதியிலே எத்தனை குடும்பங்கள் பிளவுண்டு கிடக்கின்றன என்பதை இதனை வாசிப்போர் தத்தம் உறவினருள்ளேயே எண்ணிப் பார்க்கலாம். ஆயின், அவன் கேட்டது தவறா? கேட்கும் உரிமை அவனுக்கு உண்டா?

முற்காலத்திலே இந்தக் கேள்விக்கு விடையிறுக்க வேண்டிய கடமை ஒருவருக்கும் இருந்திராது. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வழங்கிய முக்குவர் வழமைப்படி, ஒருவன் தாய்வழியாகப் பெற்ற முதுசொம் அவன் பெற்ற மகனுக்குச் சேர்வதில்லை. அவனுடைய சகோதரியின் மக்களாகிய மருமக்களுக்கே சேரும். தந்தையின் முதுசொத்துக்கு மகன் அந்நியன். மாமனின் முதுசொத்துக்கே அவன் உரித்தாளன். இவ்வழமையைக் கிறித்தோபர் பிறிற்றோ என்னும் அத்துவக்காத்து ஆராய்ந்து 1876ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். விந்தை என்னவெனில், அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழமையைச் சட்டமெனும் நிலையிலிருந்து இறக்கிவிட்டது. தாய்வழிக் குடிமுறை கோயிற் சடங்குகளிலும் சம்பந்தம் பேசுவதிலும் இன்றும் வாழ்கிறது. நீதிமன்றத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிவிடல் நன்று. 'தமிழராகிய நமக்குத் தேசவழமைதானே சட்டம்?' என்று கேட்போர் பலர். தேசவழமை வட மாகாணத் தமிழ்க் குடிகளுக்குரியது. மட்டக்களப்புத் தமிழரை ஆள்வது மேற்சொன்ன 1876ஆம் ஆண்டுச் சட்டமும், அது பேசாதவிடத்து உரோம-ஒல்லாந்தச் சட்டமுமே. அதன்படி, மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவிக்குச் சொத்திற் பாதி. மற்றப் பாதி ஆண், பெண் என்ற பேதமின்றிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. துணைவர் இல்லையெனில் முழுவதும் பிள்ளைகளுக்கே. நம் கதையில் வரும் பிள்ளைகள் நால்வராயின் ஒவ்வொருவர்க்கும் நாலிலொன்று. வாவிக்கரையில் நம்மோடு வாழும் முஸ்லிம் மக்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அவர்களுடைய பங்குகள் மார்க்க நெறிப்படி வகுக்கப்படும்.

பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் இவ்வாறு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எதில் பங்கு என்பதைச் சட்டப்புத்தகம் சொல்லாது. நாலிலொன்று என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இருப்பது மூன்று வயலா ஐந்து வயலா என்று அறியாதவன் என்ன செய்வான்? அறிதற்கான உரிமை இல்லாவிடத்துப் பங்குரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

சட்டத்தை இயற்றியோர் இதனை உணராமலில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலே இறந்தோர் சொத்தைப் பற்றிய அத்தியாயங்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை போலுள்ளன. இறந்தவரின் சொத்தை நிருவகிக்க மாவட்ட நீதிமன்றத்திலே அதிகாரம் பெறுகின்றவர், முதலில் அச்சொத்துக்களின் பட்டியலை மதிப்போடு நீதிமன்றத்திற்குக் கொடுத்தல் வேண்டும். பின்னர் அதிகாரம் பெற்ற நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், வரவு செலவு யாவும் அடங்கிய இறுதிக் கணக்கைச் சத்தியஞ்செய்து, பற்றுச்சீட்டுக்களுடன் சமர்ப்பித்தல் வேண்டும். இது அக்கோவையின் 551ஆம் பிரிவு. கொடுக்கத் தவறினால், உரித்தாளர் எவரும் நீதிமன்றத்தை அணுகி அவரை அழைப்பிக்கலாம். நிருவாகி மூத்தவராயினும் சரி, குடும்பத்தின் தலைவராயினும் சரி, கணக்குக் காட்டும் கடமை அவர் தலைமேல் உண்டு. ஒருவரும் முன்வராவிட்டால் நிருவாக அதிகாரத்தைத் தனக்கே தருமாறு உரித்தாளரே மனுச்செய்யலாம்.

இது நம் நாட்டுச் சட்டத்தின் தனி நியாயமன்று. உருசிய எண்ணெய்க் கம்பனி ஒன்றின் உயரதிகாரி 1997ஆம் ஆண்டு மரணசாதனம் எழுதாமலே மொஸ்கோ நகரில் திடீரென இறந்தார். அவருடைய செல்வம் மான் தீவிலுள்ள நம்பிக்கைப் பொறுப்புக்களில் இருந்தது. மகன் கணக்கைக் கேட்டான். நம்பிக்கைப் பொறுப்பாளர் மறுத்தனர். அவனுக்கு நிலையான உரிமை எதுவுமில்லை என்றனர். வழக்கு 2003ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. இத்தகைய கணக்குகளைத் திறந்து காட்டுவிக்கும் அதிகாரம், பொறுப்பாளர்களை மேற்பார்வை செய்யும் நீதிமன்றத்தின் இயல்பான அதிகாரத்திலேயே அடங்கும் என்று அம்மன்று தீர்ப்பளித்தது. 'சிமித் எதிர் றோஸ்வுட்' என்று சட்ட மாணவர் படிக்கும் வழக்கு அதுவே. கோடீசுவரன் மகனுக்கும் நம்மூர் மூத்த மகனுக்கும் கேள்வி ஒன்றுதான்: அப்பா எதை, எங்கே, யாரிடம் வைத்துச் சென்றார்?

எனினும் வாவிக்கரையிலே பெரும்பாலான குடும்பங்கள் நீதிமன்றப் படியை மிதிப்பதில்லை. சிறிய சொத்துக்களுக்கு அது வேண்டியதுமில்லை. மரணசாதனம் இல்லாதவிடத்து, காணியின் உரிமை இறந்தவுடனேயே உரித்தாளர்மேல் இறங்கிவிடுகிறது. ஆகவே மூத்த மகன் வேறு வழியாகத் தேடத் தொடங்கவேண்டும். அதற்கு முதற்படி தானே உரித்தாளன் என்பதற்குச் சான்று. தந்தையாரின் மரணச்சான்றிதழ், தன் பிறப்புச்சான்றிதழ், பெற்றோரின் விவாகச்சான்றிதழ் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தக் கதவும் திறவாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியிலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளிலும், இடையிட்ட யுத்த இடம்பெயர்வுகளிலும் கடதாசிகளை இழந்த குடும்பங்கள் நம்முள் அனேகம். ஆயினும் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி பெறலாம். வீட்டுப் பிரதி போனதால் பதிவு போய்விடாது.

உறுதிக்கும் அப்படியே. தங்கை கணவன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். பெட்டி கடலோடு போயிருக்கட்டும். அதனால் உறுதி அழிந்துவிட்டதென்று எண்ணிக் கைவிடுவோர் பெருந்தவறு செய்கின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. அந்த நொத்தாரிசு உறுதியை ஒரு பிரதியோடு விடுவதில்லை. ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார். இன்னொரு பிரதியை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்புவது அவர் கடமை. அவர் இறந்தாலும் அவர் வைத்திருந்த பிரதிகள் பதிவாளரிடமே ஒப்படைக்கப்படும். ஆகவே தந்தையார் வாங்கியது நொத்தாரிசு உறுதியாயின், அதன் உடன்பிறப்பு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்திலே இருக்க இடமுண்டு. பதிவேட்டைப் பார்வையிட இறந்தவரின் பிள்ளையாயிருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கட்டணஞ் செலுத்தும் எவரும் பார்க்கலாம். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம் அவ்வாறு வகுத்திருப்பது, காணி விடயத்தில் இரகசியம் கூடாதென்பதற்காகவே.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பதிவேடு காணியின் வழியே எழுதப்பட்டது. ஆளின் வழியே அன்று. 'என் தந்தையாரின் காணிகளெல்லாவற்றையும் காட்டுங்கள்' என்றால் எழுதுவினைஞர் கைவிரிப்பார். ஊரின் பெயர், காணியின் பெயர், நாற்புற எல்லை, உறுதியின் இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுள் சிலவேனும் வேண்டும். இவை யாரிடம் உண்டு? படித்த மகனிடம் இல்லை. அக்கரையிலே தந்தையாரோடு முப்பது வருடம் வயலிற் கிடந்த முல்லைக்காரரிடம் உண்டு. நீர் பங்கிட்ட வட்டவிதானையிடம் உண்டு. பட்டி மேய்த்தவரிடம் உண்டு. எந்த மாட்டின் தொடையில் எந்தக் குறி சுட்டது, அது தந்தையாருடையதா மாமனுடையதா என்பதை அவரைப்போல் அறிந்தவர் வேறெவர்? போடியார் குடும்பங்களின் உண்மையான ஆவணக்காப்பகம் இந்த மனிதர்களே என்று சொல்வது மிகையன்று. அவர்களும் முதுமையடைந்து வருகின்றனர் என்பதையே நாம் எண்ணுவதில்லை.

வாய்மொழியோடு எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கமநல சேவை நிலையத்தில் விவசாயக் காணிப் பதிவேடு உண்டு. வயலின் சொந்தக்காரர் யார், செய்கையாளர் யார் என்பது அதில் இருக்கும். வீட்டுக்கும் வளவுக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரி ஏடு. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தின்பேரில் வழங்கிய காணியாயின் பிரதேச செயலகம். இந்த இறுதி வகையில் மிகுந்த விழிப்பு வேண்டும். அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வருவது. நாலிலொன்று என்ற கணக்கு அங்கே செல்லாது. பெற்றவர் பின்னுரித்தாளராக யாரைப் பதிவுசெய்தாரோ அவருக்கே போகும். எவரையும் பதிவுசெய்யாவிடின் சட்டத்தின் அட்டவணை வரிசைப்படி போகும். அந்த வரிசையில் ஆண்களுக்கே முதலிடம் என்றிருந்த அநீதியை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியது. தாய்வழி நாடாகிய மட்டக்களப்பிலே, எண்பத்தேழு ஆண்டுகளாகப் பெண்ணைப் பின்தள்ளிய விதி ஒன்று அரசாங்கக் காணிகளிற் செல்லுபடியாகி வந்ததை எண்ணும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

அரச அலுவலகத்தில் 'இன்று போய் நாளை வா' என்ற விடையே வருமாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் முதல் அது நடைமுறையில் உள்ளது. எழுத்தில் விண்ணப்பித்தால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். பிறருடைய அந்தரங்கத் தகவல் என்று மறுக்க அச்சட்டத்திலே இடமுண்டாதலால், விண்ணப்பத்தோடு மரணச்சான்றிதழையும் பிறப்புச்சான்றிதழையும் இணைத்து, கேட்பவர் யார் என்பதை முதல் வரியிலேயே தெளிவாக எழுதிவிடுவது புத்தி.

வங்கியில் நிலைமை வேறு. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது வங்கியின் சட்டக் கடமை. மகன் என்று சொன்னவுடன் இருப்பைச் சொல்லிவிடமாட்டார்கள். கணக்குக்குத் தந்தையார் எவரையேனும் பெயர் குறித்திருந்தால் வங்கி அவரையே நாடும். இல்லாவிடின் நீதிமன்ற அதிகாரம் பெற்றவர்க்கு விடையளிக்கும். பத்து வருடம் எவரும் தொடாத கணக்கு கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு அறிவிக்கப்படும். உரித்தாளர் அதன் பின்னரும் தக்க சான்றோடு கேட்கலாம். சம்பளத்துக்கு வேலைசெய்தவராயின் ஊழியர் சேமலாப நிதியையும் மறத்தலாகாது.

இவ்வளவு தேடலும் எதற்கு, சகோதரர்கள் தாமே, நாளடைவிற் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்துவிடலாமே என்பார் சிலர். அங்கேதான் காலம் என்னும் எதிரி நிற்கிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் பிறரை எதிர்த்துத் தடையின்றி ஆண்டவர் காணியைத் தமதாக்கிக்கொள்ளலாம். கூட்டுரித்தாளர்களுக்கிடையே இது அத்துணை எளிதன்று. அக்காலத்தில் இலங்கை வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றாயிருந்த கோமறைக் கழகம், கொறையா எதிர் அப்புகாமி என்னும் வழக்கில் 1911ஆம் ஆண்டு கூறியது இது: உடனுரித்தாளர் ஒருவரின் ஆட்சி எல்லோரின் ஆட்சியுமாகும்; தம் மனத்துள் மறைத்துவைத்த எண்ணத்தினால் அவர் அதனைத் தனியாட்சியாக மாற்றிக்கொள்ள இயலாது. அதாவது, தங்கை கணவனின் மௌனம் அவனைச் சொந்தக்காரனாக்காது. ஆனால் அத்துடன் நின்றுவிட்டதா? 1918ஆம் ஆண்டு நமது உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில், மிக நீண்ட காலம் ஒருவரே அனுபவித்துவர மற்றோர் வாளாவிருந்தால், மற்றோரை அவர் வெளியேற்றிவிட்டார் என்றே ஊகிக்கலாம் என்றது. கேட்பவன் வெட்கப்பட்டுப் பின்போடும் ஒவ்வோராண்டும் எதிராளியின் கணக்கிலே வரவு வைக்கப்படுகிறது. இதனிடையே எவரேனும் பிரிவினை வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றுவிட்டால், வெளிநாட்டிலிருந்து வருபவர் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். அத்தகைய வழக்கும் காணிப் பதிவேட்டிலே பதியப்படும். அடிக்கடி பார்ப்பவர் கண்ணிற்பட்டுவிடும்.

யுத்தத்தினால் உரிமைகோர இயலாதிருந்தோருக்காக, 1983ஆம் ஆண்டு மே 1 முதல் 2009ஆம் ஆண்டு மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து விலக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அதன் நிபந்தனைகளும் கால எல்லையும் தம் நிலைமைக்குப் பொருந்துமோ என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிதல் வேண்டும். அதைவிடத் துயரமானது, தந்தையார் இறந்தாரா இல்லையா என்பதே தெரியாத குடும்பங்களின் நிலை. மரணச்சான்றிதழை ஏற்க மனமில்லாத மனைவியர், பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். அவர்களுக்கென 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனார் என்பதற்கான சான்றிதழை ஏற்படுத்தியது. இறந்துவிட்டார் என்று ஒப்பமிடாமலே குடும்பத்தின் சில அலுவல்களை அதைக்கொண்டு நடத்தலாம்.

கணக்குக் கேட்கப் புறப்படுவோர் மறந்துவிடும் பிரிவு ஒன்று 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு; அதன் 35ஆம் பிரிவு. பெற்றோரிடமிருந்து விவாகத்தின்போதோ, வாழ்க்கையில் நிலைபெறுவதற்காகவோ, மற்றப் பிள்ளைகளிலும் மேலதிகமாகப் பெற்றவர் அதனைப் பொதுத்தொகையிற் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே பங்கு பெறவேண்டும். 'வேண்டியதில்லை' என்று பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விட்டுக்கொடுத்திருந்தால் மட்டுமே விலக்கு. தங்கையின் சீதனத்தைச் சுட்டிக்காட்ட அண்ணன்மார் இப்பிரிவை ஆர்வத்தோடு எடுத்தாள்வர். ஆனால் விதி பெண்ணுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

நம் மூத்த மகன் ஒரு சனிக்கிழமை பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறான். முல்லைக்காரர் கண் மங்கியவர். ஆயினும் குரலைக்கொண்டே இவன் இன்னார் மகன் என்று அறிந்துகொள்கிறார். வாடியின் திண்ணையிலிருந்தபடியே கையை நீட்டி, மூன்று வயல்களின் பெயரைச் சொல்கிறார். மகன் அறிந்தது இரண்டே. திங்கட்கிழமை காணிப் பதிவகத்திலே கட்டணஞ் செலுத்தி ஏட்டைப் புரட்டுகிறான். முதலிரு வயல்களும் தந்தையார் பெயரிலேயே உள்ளன, எவருக்கும் எழுதப்படவில்லை. மூன்றாவது வயலின் பக்கத்திலே 1998ஆம் ஆண்டில் ஒரு விற்பனை பதியப்பட்டிருக்கிறது, வாங்கியவர் அயல்வயற்காரர். அந்த ஆண்டை அவன் இரண்டாம் முறை வாசிக்கிறான். அவன் வெளிநாட்டு முகவருக்குப் பணங்கட்டிக் கட்டார் தேசத்துக்குப் புறப்பட்டது அந்த ஆண்டிலேதான். பணம் எங்கிருந்து வந்தது என்று அன்று அவன் கேட்கவுமில்லை, தந்தையார் சொல்லவுமில்லை. அடுப்படியை விட்டு வெளியே வராதிருந்த தங்கைக்கு அது தெரியும்.